பதினைந்து புள்ளிகள்

என் கணவர் இறந்து பத்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், சுற்றிலும் அத்தனை கூட்டம் இருக்கும்போது, அவர் நடந்து வருவதைப் பார்த்தேன்.

நான் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேலை பார்க்கிறேன். மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், எப்படி ஓடுகிறார்கள் என்று ஆராயும் கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் நான் அலுவலக உதவியாளர். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது, படிவங்களில் கையெழுத்து வாங்குவது, அவற்றைக் கணினியில் ஏற்றுவது, தண்ணீர் போத்தல் வாங்கி வைப்பது, இவைதான் என் வேலை. பதினெட்டு வருடம் ஆகிறது. அறிவியல் எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே காட்டும் ஒரு வேடிக்கையை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் பொது வரவேற்பு நாளுக்கு முன்னால் அந்தப் பெரிய திரையைத் துடைத்து வைப்பது நான்தான்.

கறுப்புத் திரையில் பதினைந்து வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அவை அசையாமல் இருக்கும்போது பார்த்தால் ஒன்றுமே தெரியாது. யாரோ எள்ளைச் சிந்திவிட்டுப் போனது போல இருக்கும். பிள்ளைகளிடம் கேட்டால் நட்சத்திரம் என்பார்கள், எறும்பு என்பார்கள். பிறகு ஒரு பொத்தானைத் தட்டினால் புள்ளிகள் அசையத் தொடங்கும். அசைந்த அந்த நொடியிலேயே, யாரும் சொல்லிக் கொடுக்காமல், அங்கே ஓர் ஆள் நடப்பது தெரியும். முகம் இல்லை, உடம்பு இல்லை, ஒரு கோடுகூட இல்லை. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு ஒரு புள்ளி, தலைக்கு ஒன்று, நெஞ்சுக்கும் அடிவயிற்றுக்கும் ஒவ்வொன்று, அவ்வளவுதான். நிறுத்தினால் ஆள் போய்விடுவார். எள்தான் மிஞ்சும்.

திரையின் கீழே நான்கு கோடுகள் உண்டு. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சின்ன வட்டம். அதை மவுஸால் பிடித்து இப்படியும் அப்படியும் இழுக்கலாம். ஒரு கோட்டின் இந்த முனையில் ஆண், அந்த முனையில் பெண். இரண்டாவதில் கனம், லேசு. மூன்றாவதில் பதற்றம், நிதானம். நான்காவதில் சோகம், மகிழ்ச்சி. இழுக்க இழுக்க நடை மாறும். ஜனங்கள் சிரிப்பார்கள். பெண்ணை ஆணாக்குவார்கள், சோகத்தை இழுத்து மகிழ்ச்சியில் விடுவார்கள். பொது வரவேற்பு நாளான அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தவர்கள் எல்லோரும் இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் போத்தல் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரைக்கு முன்னால் நடந்தேன். திரைக்கு முன் அப்போது யாரும் இல்லை. யாரோ இழுத்துவிட்டுப் போன இடத்தில் அந்த நான்கு வட்டங்களும் நின்றிருந்தன.

அவர் வந்துகொண்டிருந்தார்.

வலது தோள் ஒரு நூல் கீழே. இடது கால் தரையை விட்டுக் கிளம்ப ஒரு கணம் யோசிக்கும். வலது கை அதிகம் வீசாது, எதையோ இடுக்கிக்கொண்டிருப்பது போல உடம்போடு ஒட்டியே வரும். நான் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஒருவர் என்னிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். இடதுபக்கம் இரண்டாவது கதவு என்று சரியாகச் சொன்னேன். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பியபோதும் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். அதற்குள் ஒரு அம்மா மவுஸைப் பிடித்து ஒரு வட்டத்தை இழுத்தார். புள்ளிகள் துள்ளின. யாரோ ஓர் இளம்பெண் நடந்தாள்.

அவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். பெட்டி ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, கடைசியில் மேற்பார்வைக்கு வந்தார். எங்கள் வீடு தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் ஒன்பதாவது மாடி. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே கார் நிறுத்துமிடமும் அதைத் தாண்டி பஸ் நிறுத்தமும் தெரியும். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து பதினைந்து இருபது பேர் இறங்கி வருவார்கள். அந்த உயரத்திலிருந்து யாருக்கும் முகம் இருக்காது. சட்டை நிறம்கூட மரங்களுக்குள் மறைந்துவிடும். ஆனாலும் எது அவர் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். அவர் மின்தூக்கியில் ஏறி வருவதற்குள் கல் சூடாகிவிடும். இத்தனை வருடத்தில், எதை வைத்து அவரை அடையாளம் கண்டேன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போன இடத்தில், உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம். நான் மருத்துவமனைக்குப் போனபோது படுத்திருந்தார். அதற்கப்புறம் எப்போது நினைத்தாலும் படுத்தபடியேதான் வந்தார். கல்யாணத்தன்று எப்படி இருந்தார், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தைப்பூசத்துக்கு எப்படி நடந்தார் என்று யோசித்துப் பார்ப்பேன். முடியாது. தாடையைச் சுற்றித் துணி கட்டிப் படுத்திருப்பார். பத்து மாதமாக என்னால் அவரை எழுப்பி நிறுத்த முடியவில்லை.

அதனால்தான் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கூடத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு, அந்தத் திரையைப் போட்டேன்.

வட்டங்கள் எல்லாம் நடுவுக்குத் திரும்பியிருந்தன. நடுவில் நடந்தவர் யாரோ. பொதுவான ஓர் ஆள். நான் ஆண் பக்கம் இழுத்தேன். கனத்தின் பக்கம் இழுத்தேன். பக்கத்தில் வருவது போல இருக்கும், பிறகு விலகிவிடும். ஒரு மணி நேரம் போனது. மறுநாளும் சாப்பாட்டை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு அதே வேலை. மூன்றாவது நாள் கிடைத்தார். ஆண் பக்கம் முக்கால். கனம் பாதிக்குமேல். நிதானத்தின் பக்கம் கொஞ்சம். நான்காவது கோட்டைத்தான் கடைசிவரை விட்டு வைத்திருந்தேன். அதை மகிழ்ச்சியின் பக்கம் இழுத்தால் யாரோ கல்யாண வீட்டுக்குப் போகிற ஆள் நடந்தார். நடுவில் வைத்தால் அவருடைய தம்பி மாதிரி இருந்தது. சோகத்தின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். பாதி, பாதிக்கு மேல், முக்கால். அங்கேதான் அவர் இருந்தார்.

ஒரு மஞ்சள் தாளில் நான்கு இடங்களையும் குறித்து மடித்து என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் தினமும் அதைப் பார்த்து வட்டங்களை வைப்பேன். பிறகு நான்காவதை மட்டும் மகிழ்ச்சியின் பக்கம் கொண்டுவரப் பார்ப்பேன். மற்ற மூன்றையும் மாற்றிச் சரிக்கட்டலாமா என்று முயல்வேன். முடிந்ததே இல்லை. ஒரு மயிரிழை இந்தப் பக்கம் வந்தாலும் அவர் போய்விடுவார். மறுபடி அந்தப் பக்கம் கொண்டுபோனால்தான் வருவார்.

எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் கிடையாது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. வேலையிலிருந்து வந்ததும் குளிப்பார், சாப்பிடுவார், செய்தி பார்ப்பார், தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கப் போனால் நான் முன்னால் நடப்பேன், அவர் பைகளோடு பின்னால் வருவார். "கொஞ்சம் வேகமா வாங்களேன்" என்று திரும்பாமலே சொல்வேன். அவர் சந்தோஷமாக இருக்கிறாரா என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது திரைக்கு முன்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நடந்துகொண்டே இருந்தார், ஓரடிகூட முன்னால் வராமல்.

இதெல்லாம் கூடத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நாளில் வெளியிலும் தொடங்கியது. எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் எதிரே வருகிறவர்களின் முகம் என் கண்ணில் படவில்லை. தோள், முழங்கால், மணிக்கட்டு, இவைதான் படும். நகரும் படிக்கட்டில் ஏறுகிற கூட்டம் முழுக்கப் புள்ளிகளாக ஏறும். கண்ணைத் தேய்த்துக்கொண்டால் மனிதர்களாவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா சந்தைக்கு வெளியே, விடுமுறைக்கு வந்த வெளிநாட்டு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் நிற்கும் நேரத்தில், அந்த நெரிசலுக்குள் அவர் போவதைப் பார்த்தேன். வலது தோள் இறக்கம், இடது காலின் தயக்கம், ஒட்டிய கை. கையில் இருந்த முருங்கைக்கீரைக் கட்டோடு பின்னால் போனேன். பூக்கடைகளைத் தாண்டினார், நகைக்கடையைத் தாண்டினார், சிக்னலில் நின்றார். நானும் நின்றேன். பச்சை விழுந்ததும் மறுபடி நடந்தார். வாய்விட்டு "என்னங்க" என்று கூப்பிட்டேன்.

திரும்பினார். முப்பது வயதுகூட இருக்காது. வங்காளதேசத்துப் பையன் போல இருந்தது. வலது கையில் ஒரு துணிப்பையைச் சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தான். பயந்துபோன என் முகத்தைப் பார்த்து அவனும் பயந்து, "ஆண்ட்டி, ஓகே?" என்றான். நான் தலையாட்டினேன். அவன் போன பிறகும் அந்த இடத்திலேயே நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது கீரை கசங்கியிருந்தது.

அன்று மகளிடம் சொன்னேன். மகளுக்கு இருபத்தாறு வயது, ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. என்னோடுதான் இருக்கிறாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் முதலில் கோபப்பட்டாள்.

"அம்மா, அது சும்மா கம்ப்யூட்டர் பேட்டர்ன் லா. நீங்க மிஸ் பண்றீங்க, அதான் அப்பா மாதிரி தெரியுது."

"நீ வந்து பாரு."

"பாத்தா என்ன ஆகப்போகுது?"

"எனக்குப் பைத்தியமான்னு தெரிஞ்சுக்கலாம்."

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

சாப்பாட்டு நேரம். தாளைப் பிரித்து வட்டங்களை வைத்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கைகள் தாமாக அவிழ்ந்தன.

"அப்பாதான்" என்றாள் மெதுவாக. பிறகு, "ஏம்மா போய்க்கிட்டே இருக்காங்க?"

"போறாரா? வர்றாருடி."

"இல்லம்மா, அந்தப் பக்கமா போறாங்க. முதுகு தெரியுதே."

"ஏது முதுகு? வெறும் புள்ளிதானே. வர்றாரு, நல்லா பாரு."

"நீங்க நல்லா பாருங்க."

நாங்கள் குரலை உயர்த்திவிட்டோம் போல. ஆய்வுக்கூடத்தின் தலைவி தன் அறையிலிருந்து வந்தார். சீனப் பெண்மணி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன். திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எங்களுக்குள் என்ன வாக்குவாதம் என்று மகள் சொன்னாள்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்றார் அவர். "புள்ளிகளுக்கு முன், பின் கிடையாது. நேர் எதிரில் நின்று பார்த்தால் வருவதும் போவதும் திரையில் ஒன்றுதான். எந்தப் பக்கம் என்பதைப் பார்க்கிறவர் மூளை முடிவு செய்யும். பெரும்பாலானவர்களுக்கு வருவது போலத்தான் தெரியும். சிலருக்குப் போவது போல."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரண்டுவிட்டது. இத்தனை நாள் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தவர், ஒரு கண் சிமிட்டலில், முதுகைக் காட்டிக்கொண்டு போனார். எதுவும் மாறவில்லை. அதே புள்ளிகள், அதே தோள். மறுபடி திருப்பப் பார்த்தேன். தலையைச் சாய்த்தேன், கண்ணை மூடித் திறந்தேன். திரும்பவில்லை. போய்க்கொண்டே இருந்தார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் எல்லாவற்றையும் அந்தப் பெண்மணியிடம் சொன்னேன், மஞ்சள் தாளைக் காட்டினேன். நான்காவது கோட்டைப் பற்றியும் கேட்டேன்.

அவர் என் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது தனி ஒருவர் நடை இல்லை. பல பேருடைய நடையைச் சேர்த்துக் கலந்து எடுத்தது. சோகம் என்று போட்டிருப்பது, நடந்தவர்கள் சோகமாக இருந்ததால் இல்லை. அந்த மாதிரி நடையைப் பார்த்தவர்கள் அதைச் சோகம் என்று சொன்னார்கள். அவ்வளவுதான். தளர்ந்து, மெதுவாக, கையை வீசாமல் நடந்தால் பார்க்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வெறும் களைப்பாகக்கூட இருக்கலாம்."

"களைப்புக்குத் தனியாக ஒரு கோடு இல்லையா?"

"இல்லை" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "ஆனால் உங்கள் கணவரும் இதில் நடந்திருக்கிறாரே" என்றார்.

மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. தெரியும், ஆனால் இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை. இறப்பதற்கு முந்தைய வருடம் ஆய்வுக்கு ஆட்கள் போதவில்லை. ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் யாரும் வரவே மாட்டார்கள். நான்தான் வீட்டில் சொன்னேன்.

"நடக்கறதுக்கா என்னைக் கூப்பிடுறே? அதத்தானே தெனமும் பண்றேன்" என்றார்.

"அங்க வந்து நடங்க."

விடுப்பு நாளில் வந்தார். உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையைக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு வெளியே வந்து, "தண்ணிக்குள்ள முங்குறவன் மாதிரி இருக்கேன்ல" என்று கூச்சத்தோடு வயிற்றை மறைத்துக்கொண்டார். ஒரு மாணவி அவருடைய மூட்டுகளில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் சிறிய உருண்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள். அவர் கோயில் சிலை மாதிரி அசையாமல் நின்றார். அதற்குப் பிறகு டிரெட்மில்லில் ஏறினார்.

"அவருடைய பதிவு தனியாகவும் இருக்கிறது" என்றார் அந்தப் பெண்மணி. "குடும்பத்தினர் கேட்டால், ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிக் காட்டலாம். சில வாரம் ஆகும். பார்க்கவேண்டுமா என்று யோசித்துச் சொல்லுங்கள்."

நான் யோசிப்பதற்குள் மகள் "வேணும்" என்றாள்.

அந்தச் சில வாரங்கள் மோசமானவை. பங்கேற்றவர்களின் பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும் பட்டியல் என் பொறுப்பில், என் மேசைக்குப் பின்னால் பூட்டிய அலமாரியில் இருந்தது. அவருடைய எண் தெரிந்தால் நானே பதிவைப் போட்டுவிடலாம். எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்று தோராயமாகக் கணித்து விரலை நுழைத்தேன். அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிரிக்காமல் உள்ளே வைத்துப் பூட்டினேன். பதினெட்டு வருடமாக யாருக்கும் காட்டாத பட்டியலை எனக்கே காட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தேனா, இல்லை பயந்தேனா, எனக்கு இன்றும் தெரியாது. பெரிய திரையின் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். போனால் முதுகுதான் தெரிந்தது.

அனுமதி வந்த அன்று மகளும் நானும் அந்தப் பெண்மணியின் அறையில் உட்கார்ந்தோம். திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

முதலில் நடந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோளை நிமிர்த்தி, கையை வீசி, பள்ளி அணிவகுப்பில் நடப்பது போல நடந்தார். நான் மகளைப் பார்த்தேன். அவளுக்கும் ஏமாற்றம்தான்.

"எல்லோரும் முதலில் இப்படித்தான்" என்றார் அந்தப் பெண்மணி. "யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பு போகவேண்டும். அதற்காகத்தான் மாணவி பேச்சுக் கொடுப்பாள். அதோ, பேச ஆரம்பித்துவிட்டாள்."

புள்ளிகளில் எதுவும் பெரிதாக மாறவில்லை. வலது தோள் மட்டும் மெல்ல இறங்கியது. கையின் வீச்சு குறைந்தது. அடுத்த இரண்டு மூன்று அடிக்குள் அவர் வந்துவிட்டார். பெரிய திரையில் நான் தேடித்தேடி எடுத்தவரை இவர் பக்கத்தில் வைத்தால், அது யாரோ அவரைப் போல நடித்தது என்றுதான் சொல்வேன். இவர் நான் மறந்தே போன ஒன்றையும் செய்தார். ஐந்தாறு அடிக்கு ஒரு தடவை தலையை லேசாக இடப்பக்கம் வெட்டுவார். கழுத்துச் சுளுக்கு எடுக்கிற மாதிரி. தலைக்கு இருந்தது ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி அப்படி வெட்டியபோது மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு வலது மணிக்கட்டுப் புள்ளி மேலே போனது. தோளைத் தாண்டி, தலையைத் தாண்டிப் போய், அங்கே இடமும் வலமுமாக ஆடியது. நாலைந்து அடி நடக்கும் நேரம் மேலேயே இருந்தது. பிறகு இறங்கியது.

"இந்தப் பகுதியை நாங்கள் வெட்டிவிட்டோம்" என்றார் அந்தப் பெண்மணி. "கையைத் தூக்கிவிட்டால் கலவைக்கு உதவாது."

"டாட்டா காட்டுறாங்க" என்றாள் மகள்.

அவளுக்கு அவர் போய்க்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது. எனக்கோ அந்த நேரத்தில் எந்தப் பக்கம் என்றே சொல்ல முடியவில்லை. வந்தார், போனார், மறுபடி வந்தார். வரும்போது என்னைப் பார்த்துக் கையசைத்தார், போகும்போது யாருக்கோ கையசைத்தார்.

டிரெட்மில்லுக்கு நேர் எதிரே கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் என் மேசை. அன்று நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். காலையில் வந்த படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் கையசைத்திருக்கிறார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நினைவிருக்கும்.

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். மகள் தலையாட்டினாள். நான் எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே அவள் இரண்டு தடவை பார்த்தாள். கதவு வழியாக அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

திரும்பும்போது ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ரயில் சுரங்கத்துக்குள் இறங்கிய பிறகு மகள் கேட்டாள்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து அப்பா எதுவும் சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இவ்வளவு நேரம் நடந்தும் ஒரு எடத்துக்கும் போகலைன்னு சிரிச்சாரு."

"வேற?"

"என்கிட்ட, 'நீ ஆபிஸ்ல ரொம்ப பிசி லா'ன்னாரு. நான் பெருமையா சொல்றாருன்னு நெனச்சேன்."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெருமையாத்தாம்மா சொல்லியிருப்பாங்க" என்றாள். அவள் அதை நம்பிச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

பதிவின் பிரதி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். அது மகளின் மடிக்கணினியில் இருக்கிறது. அவள் எப்போதாவது பார்க்கிறாள் என்று தெரியும், அறைக் கதவு சாத்தியிருக்கும். நான் கேட்பதில்லை. கண்ணை மூடினால் அவர் இப்போது படுத்தபடி வருவதில்லை. நடந்து வருகிறார். ஆனால் முகம் வருவதில்லை. இது அதைவிட நல்லதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பகலிலேயே வருகிறார். அரிசி களையும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, கறுப்பாக எதையாவது பார்த்தால் போதும். கையைத் தூக்கும் முன் நான் வேறு எங்காவது பார்த்துவிடுவேன்.

போன மாதம் அடுத்த ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். இந்தத் தடவை ஐம்பதைத் தாண்டிய பெண்கள் வேண்டும் என்றார்கள். பட்டியலில் என் பெயரை நானே எழுதினேன். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, "கட்டாயம் இல்லை" என்றார். "தெரியும்" என்றேன்.

அந்தக் கறுப்பு உடை நினைத்ததைவிட இறுக்கம். உருண்டைகளை ஒட்டிய மாணவியின் கை குளிர்ந்திருந்தது. டிரெட்மில்லில் ஏறியதும் எனக்கு நடக்கத் தெரியவில்லை. கையை என்ன செய்வது, காலை எப்படி வைப்பது என்று ஒவ்வொன்றாக யோசித்து நடந்தேன். மாணவி, "ஆண்ட்டி, வீட்டுல இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டாள். மீன் வாங்கவேண்டும் என்றேன். என்ன மீன் என்றாள். பேசிக்கொண்டே போனேன். எப்போது பழைய நடைக்கு வந்தேன் என்று எனக்குத் தெரியாது. முடிந்தது என்று அவள் சொன்னபோதுதான் இருபது நிமிடம் போனது தெரிந்தது.

வேலை முடிந்து நேராகத் தேக்கா சந்தைக்குப் போனேன். வஞ்சிர மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் என் காலைப் பார்த்து, "அக்கா, கால்ல என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். இடது கணுக்காலில், தோலிலேயே ஒட்டிய ஓர் உருண்டை. மாணவி எடுக்க மறந்திருக்கிறாள். சந்தை விளக்கில் அது மினுங்கிக்கொண்டிருந்தது. எம்.ஆர்.டி.யில், தெருவில், எத்தனை பேர் கண்ணில் பட்டதோ. பிய்த்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலை கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாக அதை அவற்றுக்கான பெட்டியில் போட்டேன். உள்ளே எல்லாம் ஒரே மாதிரி உருண்டைகள். மூடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்தேன். நான் போட்டது எது என்று தெரியவில்லை. மூடிவிட்டு, அன்று வரவேண்டியவர்களின் படிவங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.